பறக்கிறவனுக்குப் பாயிண்ட், நிக்கிறவனுக்கு பில்

விமானக் கம்பெனிகள் கொடுக்கிற 'மைல்', 'பாயிண்ட்' என்ற சமாச்சாரத்தை ஒழித்துக்கட்ட வேண்டும். அது முடியாது என்றால், சீட்டுக் கம்பெனியைச் சட்டம் எப்படிக் கட்டிப் போட்டிருக்கிறதோ அப்படியாவது கட்டிப் போட வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். பொறுமை இல்லாதவர்கள் இப்படியே கிளம்பலாம் :-)

"சேலத்துல உக்காந்துக்கிட்டு உனக்கு எதுக்குடா பிளேன் பஞ்சாயத்து?" என்று கிளாஸில் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிற நம்ம ஏர்போர்ட்டின் ஜாதகம் அப்படி. 1993ல் திறந்தார்கள், பிளேன் வந்தது, போனது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு ஓட்டினார்கள். 2011ல் நிறுத்திவிட்டார்கள். 2018 மார்ச் 25 அன்று உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. 2021ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்து மறுபடி ஆரம்பித்தார்கள். முப்பது வருஷத்தில் ஓடின வருஷத்தைவிட, ஆட்டுக்குட்டி மேய்ந்த வருஷம் ஜாஸ்தி.

இந்தத் திட்டங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் 'லாயல்டி புரோகிராம்'. தமிழில் விசுவாசத் திட்டம். விசுவாசம் யார் யாருக்குக் காட்டுவது? கிங்ஃபிஷருக்கு 'கிங் கிளப்' என்று ஒன்று இருந்தது. 2012 அக்டோபரில் கம்பெனியின் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். அதோடு கிங் கிளப் மைல் எல்லாம் கோவிந்தா. சம்பளம் வராத ஊழியர்கள், கடன் கொடுத்த பேங்குகள், பெட்ரோலியக் கம்பெனிகள், ஏர்போர்ட்காரர்கள் என்று நீண்ட வரிசையில் மைல் வைத்திருந்தவனுக்கு நிற்கக்கூட இடம் கிடையாது.

ஜெட் ஏர்வேஸ் கதை கொஞ்சம் வேறு, அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. 2013ல் ஜெட்டின் 24 சதவீதப் பங்கை எதிஹாட் 37.9 கோடி டாலருக்கு வாங்கியது. 2014ல் ஜெட்டின் மைல் திட்டமான 'ஜெட் பிரிவிலேஜ்' என்பதைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, அதில் 50.1 சதவீதத்தை 15 கோடி டாலருக்கு வாங்கியது. பிளேன் இல்லை, பைலட் இல்லை, ஒரு சக்கரம்கூட இல்லாத கம்பெனிக்கு 15 கோடி டாலர்! 2019 ஏப்ரல் 17ல் ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. அதே வருஷம் நவம்பரில் இந்த மைல் கம்பெனி 'இன்டர்மைல்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு ஹோட்டல், ஷாப்பிங் என்று வியாபாரத்தைத் தொடர்ந்தது. பிளேன் செத்தது, மைல் பிழைத்தது. ஜெட் ஏர்வேஸை ஏலத்தில் எடுத்து ஓட்டப் பார்த்த முயற்சியெல்லாம் இழுத்து இழுத்து, 2024 நவம்பர் 7ல் உச்ச நீதிமன்றம் கலைத்துவிடு என்று தீர்ப்பு கொடுத்தது.

அப்படியென்றால் இதில் எது தொழில், எது இலவசம்? நாம் நினைப்பது, டிக்கெட் விற்பது தொழில், பாயிண்ட் என்பது மளிகைக் கடையில் கொசுறாகக் கொடுக்கிற கருவேப்பிலை. உண்மை தலைகீழ்.

அமெரிக்காவில் 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்று ஆரம்பித்தபோது அது கொசுறுதான். அடிக்கடி பறக்கிறவன் வேறு கம்பெனிக்குப் போகாமல் இருக்கப் போட்ட கருவேப்பிலை. நாற்பது வருஷம் கழித்து, கொரோனா வந்து பிளேனெல்லாம் தரையில் நின்றபோது, யுனைடெட் ஏர்லைன்ஸ் எதை அடமானம் வைத்தது தெரியுமா? மைல் திட்டத்தை. 2020 ஜூனில் அதற்குப் போட்ட மதிப்பு 2,000 கோடி டாலருக்கு மேல். அந்தச் சமயத்தில் பங்குச் சந்தையில் மொத்தக் கம்பெனியின் விலையே ஏறக்குறைய அதில் பாதிதான். அதாவது மைல் திட்டத்தைக் கழித்துவிட்டால் பிளேன் ஓட்டுகிற தொழிலின் மதிப்பு மைனஸில் போகிறது. அடுத்து டெல்டா 900 கோடி டாலர், அமெரிக்கன் 1,000 கோடி டாலர் என்று இதே அடமானத்தில் திரட்டினார்கள்.

காசு எங்கிருந்து வருகிறது? பேங்கிலிருந்து. கம்பெனி பாயிண்ட்டை அச்சடித்து கிரெடிட் கார்டு பேங்குக்கு விற்கிறது, பேங்க் அதைக் கார்டு தேய்க்கிறவனுக்குக் கொடுக்கிறது. 2024ல் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் டெல்டாவுக்குக் கொடுத்தது 740 கோடி டாலர். கருவேப்பிலை விற்றே கடை நடக்கிறது, அரிசி பருப்பெல்லாம் சும்மா ஜோடனைக்கு.

இந்த அச்சடிக்கிற விஷயம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ரூபாயை அச்சடிக்க ரிசர்வ் வங்கி இருக்கிறது. மைலை அச்சடிப்பதும் கம்பெனி, அதன் மதிப்பை நிர்ணயிப்பதும் கம்பெனி, நாளைக்குப் பாதியாக்குவதும் அதே கம்பெனி. ஒரு உதாரணம். ஆக்ஸிஸ் பேங்கின் மேக்னஸ் கார்டில் 5 பாயிண்ட் கொடுத்தால் 4 விமான மைல் வாங்கலாம் என்று இருந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் 5 கொடுத்தால் 2 என்று ஆனது. சேர்த்து வைத்ததில் பாதி காலி. 2016 நவம்பர் 8ல் ராத்திரி எட்டு மணிக்கு அறிவிப்பு வந்தபோது நாடே அலறியது, நியாயம்தான். இங்கே ஒரு ஈமெயிலோடு வேலை முடிகிறது. யாரும் அலறுவதில்லை, ஏனென்றால் "சும்மா கொடுத்ததுதானே" என்று நமக்கே ஒரு கூச்சம்.

சும்மா கொடுத்ததா? பி.காம் படிக்கிற நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். மற்றவர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளவும்.

2018 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் அமலில் இருக்கிற கணக்கியல் தரம் இன்ட் ஏஎஸ் 115. அதன்படி டிக்கெட்டோடு பாயிண்ட் கொடுத்தால் அது பரிசு கிடையாது. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய தனிப் பொருள். கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். டிக்கெட் 6,000 ரூபாய். அதோடு கிடைக்கிற பாயிண்ட்டைத் தனியாக விற்றால் 300 ரூபாய். ஆக 6,300 ரூபாய்ச் சரக்கை 6,000க்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த 6,000ஐ விகிதப்படி பிரித்தால் பயணத்துக்கு 5,714, பாயிண்ட்டுக்கு 286. பயணம் முடிந்ததும் 5,714ஐ மட்டும்தான் வருமானமாகக் காட்டலாம். மீதி 286 ஒப்பந்தப் பொறுப்பு, அதாவது இருப்புநிலைக் குறிப்பில் கடன் பக்கம். நாம் பாயிண்ட்டைப் பயன்படுத்தும்போதோ அது காலாவதி ஆகும்போதோதான் வருமானம்.

இதோடு முடியவில்லை. ஐந்தில் ஒரு பங்கு பேர் பாயிண்ட்டை மறந்துவிடுவார்கள் என்று கம்பெனி முன்கூட்டியே கணிக்கலாம். அப்போது பாயிண்ட்டின் தனி மதிப்பு 300 இல்லை, 240. பிரித்துப் பாருங்கள், பாயிண்ட்டுக்கு ஒதுக்குவது 231 ஆகக் குறைகிறது, இன்றைக்கே காட்டுகிற வருமானம் 5,769 ஆக ஏறுகிறது. நம் மறதிக்கு ஒரு விலை, அது அவர்கள் லாபக் கணக்கில் முன்கூட்டியே ஏறிவிடுகிறது. இதற்கு 'பிரேக்கேஜ்' என்று பெயர். எக்ஸாமில் ஐந்து மார்க் கேள்வி.

இப்போது அதே கம்பெனியின் விதிமுறைகளை எடுத்துப் படியுங்கள். பொடி எழுத்தில் இருக்கும். பாயிண்ட் உறுப்பினரின் சொத்து அல்ல, திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், நிறுத்துவோம் என்கிற தினுசில் போகும். கணக்குப் புத்தகத்தில் கடன், விதிமுறையில் பிச்சை! ஆடிட்டருக்கு ஒரு வாய், வாடிக்கையாளருக்கு ஒரு வாய். இதைத்தான் கேட்கிறேன். கடன் என்றால் கடன்காரன் மாதிரி நடந்துகொள். பரிசு என்றால் 286 ரூபாயைப் பொறுப்பு என்று எழுதாதே.

நம்ம ஊரில் சீட்டு பிடிக்காத வீடு உண்டா? 1982ம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்குச் சமமான ஈட்டைப் பதிவாளரிடம் கட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கவே முடியும். நகைக்கடையில் சேருகிற நகைச்சீட்டு ஏன் 11 மாசத்தோடு முடிகிறது என்று யோசித்ததுண்டா? 2014ல் வந்த கம்பெனி வைப்பு விதிகள்தான் காரணம். சரக்குக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும், ஆயிரம் கேள்வி வரும். மொபைல் வாலெட் நடத்தினால், பேங்காக இல்லாத பட்சத்தில், வாடிக்கையாளர் காசைத் தனியாக எஸ்க்ரோ கணக்கில் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. காலாவதிக்கு முன்னால் எச்சரிக்கவும் வேண்டும். சீட்டுக்கு ஈடு, நகைக்குக் கெடு, வாலெட்டுக்கு எஸ்க்ரோ. விமான மைலுக்கு? ஒன்றுமில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு பிடிக்கிற அக்காவைவிட ஆயிரம் கோடி பாயிண்ட் அச்சடிக்கிற கம்பெனிக்கு நம் சட்டம் கொடுக்கிற மரியாதை அப்படி.

"பிடிக்கலேன்னா சேராதே" என்பார்கள். அங்கேதான் தலைப்பு வருகிறது. நான் சேராவிட்டாலும் பில் எனக்கும் உண்டு.

கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கடைக்காரர் பேங்குக்கு ஏறக்குறைய இரண்டு சதவீதம் அழ வேண்டும். பாயிண்ட்டுக்கான காசு பெரும்பாலும் அதிலிருந்துதான். கடைக்காரர் கைக்காசைப் போடுவாரா? விலையில் ஏற்றுவார். அந்த விலை பேங்க் கார்டு வைத்திருக்கிற டாக்டருக்கும், கையில் ரொக்கத்தோடு சேலம் கடைவீதிக்கு வந்த நெசவாளிக்கும் ஒன்றுதான். டாக்டர் அதில் ஒரு துண்டைப் பாயிண்ட்டாகத் திரும்ப வாங்கிக் கொள்கிறார். அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010ல் இதைக் கணக்குப் போட்டார்கள். ரொக்கம் கொடுக்கிற சராசரிக் குடும்பம் வருஷத்துக்கு 149 டாலர் இழக்கிறது, கார்டு தேய்க்கிற குடும்பம் 1,133 டாலர் அடைகிறது. ஏழையிடம் பிடுங்கி வசதியானவன் பிளேனுக்கு டிக்கெட் போடுகிற வேலை.

இதை நிறுத்த முடியாதா? முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2015ல் கிரெடிட் கார்டு பரிமாற்றக் கட்டணத்துக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. அங்கே பாயிண்ட் வாரிக் கொடுக்கிற கார்டுகள் இளைத்துப் போயின. நம்ம ஊரில் 2020 ஜனவரியிலிருந்து யூபிஐக்குக் கடைக்காரரிடம் கட்டணமே கிடையாது, அதனால் பேங்க் கணக்கிலிருந்து போகும் யூபிஐ பணத்தில் மைல் கொடுக்க ஆளில்லை. இளநீர்க்காரரிடம் ஸ்கேன் செய்கிறபோது யாரோ ஒருத்தருடைய துபாய் டிக்கெட்டுக்கு நாம் காசு கட்டவில்லை. அந்த வகையில் யூபிஐ வாழ்க.

இன்னொரு அசிங்கம் இருக்கிறது, அதைச் சொல்ல நாமக்கல் போக வேண்டும்.

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், டீசல் கார்டு பற்றிச் சொல்வார்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃப்ளீட், ஹெச்.பி.யின் டிரைவ்டிராக் பிளஸ் எல்லாம் அதே பாயிண்ட் வித்தைதான். டீசல் போட்டால் பாயிண்ட், கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. கேஸ் டேங்கரை ராத்திரி முழுக்க முழித்து ஓட்டுகிறவர் டிரைவர், பாயிண்ட் முதலாளி கணக்குக்கு. சரி, டீசலுக்குக் காசு கொடுத்தது முதலாளிதானே, வாதம் ஒத்துக்கொள்ளக்கூடியது. ஆனால் பிளேனில் மட்டும் இந்த நியாயம் ஏன் தலைகீழாகிறது? டிக்கெட்டுக்குக் காசு கட்டுவது கம்பெனி. பாயிண்ட் போவது சீட்டில் உட்கார்ந்து போகிற மேனேஜரின் சொந்தக் கணக்குக்கு.

இது தவறி நடந்தது இல்லை. திட்டமே இதுதான். அடுத்தவன் காசில் டிக்கெட் போடுகிறவனுக்கு விலை குறைந்த பிளேனைத் தேட என்ன அவசியம்? அவனுக்கு மட்டும் கொஞ்சம் தனியாகக் கொடுத்துவிட்டால் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலான டிக்கெட்டையே எடுப்பான். நம்ம ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு வாங்குகிற மேனேஜர், வியாபாரியிடம் தனியாகக் கவர் வாங்கினால் அதற்குப் பெயர் கமிஷன், பிடிபட்டால் வேலை போகும். ஏர்லைன்ஸ் கொடுத்தால் அதற்குப் பெயர் கோல்டு மெம்பர், தனி வரிசையில் நிற்கலாம். 2002 ஜூலையில் ஜெர்மனியில் இது வெடித்தது. அரசு வேலையாகப் பறந்து சேர்த்த லுஃப்தான்சா மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய விவகாரத்தில் பெர்லின் மாநில அமைச்சர் கிரகோர் கீசி பதவி விலகினார். பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும் கட்சிப் பொறுப்பை விட்டார். அங்கே அது பதவி போகிற விஷயம்.

சரி, எதிர்காலம் என்ன? எனக்குத் தெரிந்தவரை பேரில் இருக்கிற இரண்டு வார்த்தையுமே பொய்யாகப் போகிறது. 'ஃப்ரீக்வென்ட்' போயாச்சு. டெல்டா 2015லேயே பறந்த தூரத்தை விட்டுவிட்டுக் கொடுத்த காசுக்குத் தக்கபடிதான் மைல் என்று மாற்றியது. ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் அதையே செய்தது. வருஷத்துக்கு நாற்பது தடவை மலிவு டிக்கெட்டில் போகிற சிறு வியாபாரியைவிட இரண்டு தடவை பிசினஸ் கிளாஸில் போகிறவர் பெரிய விசுவாசி. 'ஃப்ளையர்' என்பதும் போய்க்கொண்டிருக்கிறது, கார்டு தேய்த்தாலே போதும், பறக்கவே வேண்டாம். எங்க சித்தப்பா திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கிறார். போர் போடுகிற வேலையாக ராய்ப்பூர், நாக்பூர் என்று அலைந்து ஒரு கம்பெனியில் (பேர் வேண்டாம்) வருஷக்கணக்கில் பாயிண்ட் சேர்த்தார். சித்தியோடு டெல்லி போகலாம் என்று எடுக்கப் போனால், முன்னால் சொன்னதைப் போல இரண்டு மடங்கு பாயிண்ட் கேட்டது, அதற்கு மேல் வரி, கட்டணம் தனி. கடைசியில் ரயிலில் போய் வந்தார்கள்.

ரொம்ப நாள் இண்டிகோ மட்டும் இந்த ஆட்டத்துக்கு வரவில்லை. மலிவாகக் கொடுக்கிறேன், நேரத்துக்குப் போகிறேன், பாயிண்ட் எதற்கு என்று இருந்தார்கள். அதற்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை. 2024ல் அவர்களும் 'புளூசிப்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதே நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவில் கலந்து, கிளப் விஸ்தாராவும் ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸும் சேர்ந்து 'மகாராஜா கிளப்' ஆனது. கவனிக்க வேண்டியது இண்டிகோவைத்தான். உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் அவர்கள் கையில் இருந்த நேரத்தில் பாயிண்ட்டைக் கொண்டுவந்தார்கள். பாதிக்கு மேல் சந்தை வைத்திருக்கிற கடை பாயிண்ட் கொடுத்தால், புதிதாகக் கடை போடுகிறவன் எப்படிப் பிழைப்பான்? அவனிடம் நாலு ரூட்தான் இருக்கும், அவன் பாயிண்ட்டை வைத்து எங்கே போவது?

நார்வேக்காரர்கள் இதை முன்பே யோசித்தார்கள். 2002ல் அங்கே ஸ்கான்டிநேவியன் ஏர்லைன்ஸ் உள்நாட்டுப் பயணத்துக்கு மைல் கொடுக்கக் கூடாது என்று போட்டி ஆணையம் தடை போட்டது. அதே வருஷம்தான் நார்வீஜியன் என்ற மலிவு விமானக் கம்பெனி உள்நாட்டில் ஓட்ட ஆரம்பித்தது. 2013ல் தடையை எடுத்தபோது அது ஐரோப்பாவின் பெரிய மலிவுக் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. தடை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மைல் இல்லாவிட்டால் விமானத் தொழிலே படுத்துவிடும் என்று புலம்புகிறவர்களுக்கு அந்தப் பதினொரு வருஷம் போதுமான பதில். சேலம் மாதிரி ஒற்றை பிளேன் ஊர்களுக்கு இது வாழ்வா சாவா விஷயம். இங்கே ட்ரூஜெட் மாதிரி ஒரு சின்னக் கம்பெனி வந்தால்தான் உண்டு. வந்தவனுக்கு முதல் மாசத்திலேயே பிசினஸ் பயணிகள் வேண்டும், அவர்கள் "என் பாயிண்ட் போயிடுமே" என்று கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ கார் எடுத்துக்கொண்டு போனால் காமலாபுரத்தில் மறுபடி ஆட்டுக்குட்டிதான்.

அமெரிக்காவில் கோர்ட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கேஸ். அடிக்கடி புகார் கொடுத்தார் என்று கின்ஸ்பெர்க் என்ற யூத மதகுருவின் உறுப்பினர் அந்தஸ்தை நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் ரத்து செய்தது. 2014ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்ற அவருடைய வாதத்துக்கு அங்குள்ள விமானத் தொழில் சட்டம் இடம் தராது என்று அனுப்பிவிட்டது. 2024 செப்டம்பரில்தான் அவர்கள் போக்குவரத்துத் துறை நாலு பெரிய கம்பெனிகளிடம் மைல் கணக்கைக் காட்டு என்று கேட்க ஆரம்பித்தது.

நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. 2019ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. தகுந்த காரணமில்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் கொடுக்கிற ஷரத்து அந்தப் பட்டியலில் வருகிறது. அந்தப் பொடி எழுத்து விதிமுறைகளை வேறு எதில் சேர்ப்பது? இந்த வகைக் கேஸ் மாவட்ட ஆணையத்தில் எடுக்க மாட்டார்கள், மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும், சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறது. அதே சட்டத்தின் 35வது பிரிவுப்படி ஒரே பாதிப்பு உள்ள பலருக்காக ஒருவரே, ஆணையத்தின் அனுமதியோடு, வழக்குப் போடலாம். ஒவ்வொருத்தருக்கும் நஷ்டம் நாலாயிரம் ஐயாயிரம்தான் என்பதால் தனியாக யாரும் போகமாட்டார்கள், கம்பெனிகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சித்தப்பாவிடம் பழைய பாயிண்ட் ஸ்டேட்மென்ட் எல்லாம் பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது வைத்திருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.